யார் பேர் விட்டுப்போச்சு?

ஆட்களைச் சிரிக்க வைக்கிற தொழிலில் ஒரே ஒரு வசதி உண்டு. மேடையில் நமக்கு நாக்கு வறண்டு முட்டி ஆட ஆரம்பித்தாலும், அதுவும் நிகழ்ச்சியில் சேர்த்திதான் என்று கீழே இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

மற்றதெல்லாம் படாத பாடுதான். கல்யாண டின்னரில் மைக் பிடிக்கிறவர்கள், கோயில் திருவிழாவில் வழியை மறைத்து நிற்கும் பச்சைக் கலர் காரை எடுக்கச் சொல்லி மைக்கில் கத்துகிறவர்கள், ஸ்டாண்ட்-அப் காமெடி செய்யப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, அதை ஏன் உட்கார்ந்து செய்யக்கூடாது என்ற கேள்வியை வாங்கிக்கொண்டவர்கள், எல்லாரும் என் இனம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் பேர் ரூபன். பகலில் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்புகிற ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் கஸ்டம்ஸ் ஃபாரம் நிரப்புகிறேன். வார இறுதியில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் ஜோக் சொல்கிறேன்.

இப்போது காலை நீட்டி உட்கார்ந்து இதையெல்லாம் எழுத முடிகிறது. போன வருடம் முடிந்திருக்காது. காப்பாரில் ஒரு வீட்டில் எனக்குப் பெண் கொடுப்பார்களா மாட்டார்களா என்பது, என் காமெடியைப் பார்த்த பிறகுதான் முடிவாகும் என்று இருந்தது. சாமி, அந்த நிலைமை என் எதிரிக்கும் வேண்டாம்.

சோகமான தம்பி

நான் மேடையில் சிரிக்க மாட்டேன். இதை ஸ்டைல் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் முதல் நாள் பயத்தில் தாடை இறுகிப்போய்விட்டது. வாயை எவ்வளவு இழுத்தாலும் சிரிப்பு வரவில்லை. ஆபீஸில் கன்டெய்னர் ஏன் வரவில்லை என்று கஸ்டமருக்கு விளக்குகிற அதே குரலில் ஜோக்கைச் சொல்லி முடித்தேன். ஆட்கள் சிரித்தார்கள். சரி, இதுவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் எல்லாருக்கும் இது பிடிபடுவதில்லை. கம்போங் மேடானில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஹாலில் தீபாவளி நிகழ்ச்சி. என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நன்றாகத்தான் போனது, பிள்ளைகள்கூட விழுந்து விழுந்து சிரித்தார்கள். இறங்கி வந்ததும் ஓர் ஆன்டி என்னை ஓரமாகக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். கையில் ஒரு பொட்டலம் மீஹூனைத் திணித்தார். முதலில் சாப்பிடு, பிறகு பேசலாம் என்றார். ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"மனச விட்றாதீங்க தம்பி. எம்மவனும் மொத தடவ கார் லைசென்ஸ்ல ஃபெயிலுதான். இப்ப லோரி ஓட்டுறான்."

மாணிக்கம் சித்தப்பா

கிள்ளானில் ஒரு கல்யாண டின்னர். மைக் பிடிக்கவும் நான்தான், நடுவில் காமெடி செய்யவும் நான்தான். நம் ஊர் டின்னரில் கேக் வெட்டுவதைவிட முக்கியமான சடங்கு ஒன்று உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். வந்திருக்கும் பெரிய மனிதர்களின் பேரை மேடையில் சொல்ல வேண்டும். முதலில் டத்தோ பட்டம் வாங்கியவர், பிறகு கோயில் தலைவர், பிறகு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பிறகு மாமன் மச்சான், சித்தப்பா பெரியப்பா. மாப்பிள்ளையின் தம்பி மேடைக்குக் கீழே நின்றுகொண்டு ஒவ்வொரு பேராக என் காதில் ஊதிக்கொண்டிருந்தான். நான் பேரைச் சொல்வதும், அவரைப் பற்றி ஒரு கிண்டல் அடிப்பதுமாகப் போனேன். டத்தோவின் பேச்சு முடிவதற்குள் பிரியாணி ஆறிவிடும் என்றேன். டத்தோவே கை தட்டினார்.

எல்லாம் முடிந்து சாப்பாட்டு வரிசை ஆரம்பித்தது. ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியை விட்டு எழாமல் இருந்தார். மாப்பிள்ளையின் மாணிக்கம் சித்தப்பா. அவர் பேர் விட்டுப்போயிருக்கிறது. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன், தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் தட்டைத் தொடவில்லை. தூரத்தில் தன் அண்ணன் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருப்பதைக் காட்டினார்.

"எங்கண்ணன் மண்டையில ஒரு முடி இல்லன்னு நீங்க மைக்ல சொன்னீங்க. அவரு சந்தோசமா சாப்புட்டுகிட்டு இருக்காரு பாருங்க. நான்தான் வந்தவனா வராதவனான்னே தெரியாம உக்காந்துருக்கேன்."

மைக் யாருக்கு?

வெளிநாட்டுக் காமெடியன்கள் முன் வரிசையில் இருப்பவரிடம் எந்த ஊர் என்று கேட்பார்கள். அவர் ஊரைச் சொல்வார், அதை வைத்து ஒரு கலாட்டா செய்வார்கள். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை முன்னால் இருந்த அங்கிளிடம் எந்த ஊர் என்று கேட்டேன். பந்திங் பக்கம், எஸ்டேட் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கடைசி மேசையிலிருந்து ஒருவர் எழுந்து, எந்த எஸ்டேட் என்றார். எந்த டிவிஷன் என்றார். அப்பா பேர் என்ன என்றார். அடுத்து, அந்த அப்பாவின் தங்கையை யாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள் என்பதில் வந்து நின்றது.

இருவரும் ஒன்றுவிட்ட மச்சான்கள். ஒருவருக்கு இன்ஜினியர் மகன், மற்றவருக்கு டீச்சர் மகள். நான் நடுவில் மைக்கோடு மரம் மாதிரி நிற்கிறேன். ஏதாவது சொல்லி நிகழ்ச்சியைத் திரும்பப் பிடித்துவிடலாம் என்று தொண்டையைச் செருமினேன். முன் வரிசை அங்கிள் கையை நீட்டினார்.

"தம்பி, அந்த மைக்க கொஞ்சம் அவருகிட்ட குடுங்க. அவரு சொல்றது கேக்கல."

மேசைக்கு ஒரு பெரியவர்

இந்தத் தொழிலில் நானாகக் கண்டுபிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. நம் ஆட்கள் குடும்பமாக வந்து உட்கார்ந்தால் உடனே சிரிக்க மாட்டார்கள். ஜோக் விழுந்ததும் முதலில் மேசையில் இருக்கும் பெரியவரை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். அவர் சிரித்தால் எல்லாரும் சிரிக்கலாம். அவர் சும்மா இருந்தால் சோடாவைக் குடிக்க வேண்டியதுதான். அதனால் மேடை ஏறியதும் ஒவ்வொரு மேசையிலும் அந்த ஆள் யார் என்று தேடுவேன். அவரை விழ வைத்துவிட்டால் மேசையே என் பக்கம்.

ஒரு கம்பெனிக்காரர்கள் மொத்தமாக வந்து பெரிய மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வெள்ளை முடி, வெள்ளைச் சட்டை, கனமான உடம்போடு ஒருவர். நான் என் சரக்கு முழுவதையும் அவர் பக்கமே இறக்கினேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேசையில் வேறு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. என் கண்டுபிடிப்பே பொய்யோ என்று ஆடிப்போய்விட்டேன். இறங்கியதும் அவரிடமே போய், நீங்கள் சிரித்தும் உங்கள் ஆட்கள் ஏன் சிரிக்கவில்லை என்று கேட்டேன். அவர் கோடியில் போனை நோண்டிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணைக் கண்ணால் காட்டினார்.

"அதான் மேனேஜரு, பாஸ். நான் வேன் டிரைவரு. நான் சிரிச்சா அவங்க எதுக்கு சிரிக்கணும்?"

புகைபோக்கி வலது பக்கம்

இனி ஷாமினிக்கு வருகிறேன். கிள்ளானில் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் வேலை செய்கிறவள். தோழிகளோடு என் நிகழ்ச்சிக்கு வந்தாள். முடிந்ததும் நேராக என்னிடம் வந்து, பல் வலிக்கிறதா என்று கேட்டாள். மேடையில் வாயை இறுக்கி வைத்திருந்த விதத்தைப் பார்த்து உண்மையிலேயே கவலைப்பட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு நான் விழாமல் இருக்க முடியுமா? பழகினோம், பிடித்திருந்தது, அவள் வீட்டில் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு காப்பாருக்குப் போனேன்.

அவளுடைய அப்பா மின் நிலையத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு உலகமே அந்த நிலையத்துப் புகைபோக்கியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. வழி கேட்டு போன் போட்டால், புகைபோக்கி உங்களுக்கு எந்தக் கைப்பக்கம் தெரிகிறது என்கிறார். வலது பக்கம் என்றேன், அப்படியானால் அதை இடது பக்கம் வர வைத்துவிட்டு நேராக வரச் சொன்னார். நான் வர வைக்கப் பார்த்தேன். செம்பனைத் தோட்டத்துக்குள்ளே போய் நின்றோம். புகைபோக்கி பின்னால் போய்விட்டது. அது எப்படிப் பின்னால் போகும் என்று அவர் போனில் என்னோடு சண்டைக்கு வந்தார். கடைசியில் கைலியோடு மோட்டார் சைக்கிளில் அவரே வந்து, முன்னால், நடக்கிற வேகத்தில் ஓட்டி எங்களைக் கூட்டிப்போனார். பின் சீட்டில் என் அம்மா சாமி பேரைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

வீட்டில் ராஜ உபசாரம். ஷாமினியின் அம்மா நண்டுப் பிரட்டலை என் தட்டில் வைத்துக்கொண்டே, "எல்லாத்தையும் மேடையில சொல்லிருவீங்களா தம்பி?" என்று கேட்டார். நான் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தேன். சத்தியமாகச் சொல்ல மாட்டேன் ஆன்டி, உங்கள் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட வெளியே வராது என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னேன். அவர் நண்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். சரி, நிம்மதியாகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். கிளம்பும்போது அங்கிள் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நல்ல பையனாத்தான் தெரியிறீங்க. ஆனா ஒங்க வேலைய நாங்க கண்ணால பாக்கணும். பாத்துட்டு முடிவ சொல்றோம்."

டேவிட் செய்த ஆபரேஷன்

எங்கள் மேல்மாடி நிகழ்ச்சியை நடத்துகிறவன் டேவிட். என் வயதுதான். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடும்பத்துப் பிள்ளை. ஞாயிறு காலையில் சர்ச்சில் பாட்டுப் பாடிவிட்டு மத்தியானம் எங்கள் மேடையில் வந்து வாயாடுவான். காப்பார்க் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கு வருகிறது என்று தெரிந்ததும் அவனோடு தே தாரேக் ஆற்றுகிற டீக்கடையில் உட்கார்ந்து என் ஜோக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டேன்.

மாமியார் ஜோக் வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை. கல்யாண டின்னர் ஏழு மணி என்று போட்டுவிட்டு ஒன்பதுக்கு ஆரம்பிக்கிற ஜோக்கும் வேண்டாம், நாளைக்கு அவர்களும் டின்னர் வைக்க வேண்டுமே. மீன் குழம்பு வேண்டாம், ஆன்டி தன்னைச் சொல்வதாக நினைக்கலாம். மோட்டார் சைக்கிள் வேண்டாம். எஸ்டேட் வேண்டாம். கைலி வேண்டவே வேண்டாம். புகைபோக்கியை நான் புதிதாக எழுதி வைத்திருந்தேன், என் வாழ்க்கையிலேயே நல்ல ஜோக் அதுதான். டேவிட் அதைக் கேட்டு நாற்காலியை விட்டு விழப் பார்த்தான். அதையும் வெட்டினேன். கொடுத்த வாக்கு வாக்குதான். மிச்சம் இருந்தவை டோல் கட்டணம், கார் பார்க்கிங், சாயங்கால மழை. டேவிட் கிளாஸைக் கீழே வைத்தான்.

"அப்ப நீ மேடையில வானிலை அறிக்கைதான் வாசிக்கணும்லா, மச்சான்."

வேன் பிடித்து வந்தவர்கள்

அப்பா அம்மாவும் ஷாமினியும் வருவார்கள் என்று நினைத்திருந்தேன். ஒரு வேனே வந்து கடை வாசலில் நின்றது. ஆன்டி கல்யாணத்துக்குக் கட்டுகிற மாதிரி மாம்பழக் கலர் பட்டு, தலை நிறையப் பூ. அங்கிள் நீளக்கைச் சட்டை. அவருடைய அண்ணன் ராமசாமி பெரியப்பா, தங்கை அஞ்சலை அத்தை, பின்னால் ஒரு கூட்டம். செங்குத்தான படியில் அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். ஏறும்போதே பெரியப்பா போனை நீட்டி வீடியோ எடுக்க ஆரம்பித்துவிட்டார். இது சோதனை இல்லை, விசாரணை என்று தோன்றியது.

மேடை ஏறினேன். டோலைப் பற்றிச் சொன்னேன், மற்ற மேசைகள் சிரித்தன. பார்க்கிங்கைப் பற்றிச் சொன்னேன், பரவாயில்லை. காப்பார் மேசை மட்டும் கல் மாதிரி. பிள்ளைகள் பெரியப்பாவைப் பார்க்கிறார்கள், பெரியப்பா அங்கிளைப் பார்க்கிறார், அங்கிள் மெதுவாகத் தலையைத் திருப்பி ஆன்டியைப் பார்க்கிறார். அட, மேசைக்குப் பெரியவர் இவர்தானா என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆன்டி சிரிக்கவில்லை. ஆனால் கோபமாகவும் இல்லை. நான் ஒவ்வொரு புது ஜோக்கை ஆரம்பிக்கும்போதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அது மழையில் போய் முடிந்ததும் சாய்ந்துகொண்டார். ஒரு தடவை 'எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம்' என்று வாய் தவறி ஆரம்பித்தேன். அந்த மேசையே முன்னால் சாய்ந்தது. பயந்துபோய் அதைப் பக்கத்து வீட்டுக்காரர் கார் கதையாக மாற்றிவிட்டேன். பெரியப்பா போனைக் கீழே வைத்தார்.

கைத்தட்டலோடு இறங்கினேன், ஆனால் உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. டேவிட் அடுத்ததைப் பேச ஆரம்பிக்கும்போதே காப்பார் மேசை எழுந்துவிட்டது. நான் பின்னாலேயே ஓடினேன். படிக்குக் கீழே, கடையின் கல்லா பக்கத்தில், அங்கிள் என் கையைக் குலுக்கி நன்றாக இருந்தது என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஷாமினி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்தது கதை, வேன் கிளம்பினால் என் கல்யாணமும் அதோடு போய்விடும் என்று நினைத்தேன். ஏதாவது தப்பு நடந்துவிட்டதா ஆன்டி என்று கேட்டேன். அவர் கண் கலங்கியிருந்தது.

"வேன் புடிச்சி வந்துருக்கோம் தம்பி. எங்க தாமான்ல பக்கத்து வீடு எதுத்த வீடுன்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டு வந்தேன், எங்கள பத்தி பேசப்போறாருன்னு. ரோட்டுல இருக்குற டோல பத்திகூட சொன்னீங்க. காப்பாருன்னு ஒரு வார்த்த வரலையே. எங்க குடும்பம் சொல்லிக்கிற மாதிரி இல்லையா?"

மறுபடியும் மேல்மாடி

நண்பர்களே, அந்த நிமிடம் எனக்கு மாணிக்கம் சித்தப்பாவின் கட்டிய கைதான் கண்முன்னால் வந்தது. அன்று சாப்பாட்டு மேசையில், மேடையில் சொல்லிவிடுவீர்களா என்று ஆன்டி கேட்டது எச்சரிக்கை இல்லை, ஆசை. நான்தான் நெஞ்சில் கைவைத்து அந்த ஆசையில் மண் அள்ளிப் போட்டிருக்கிறேன். மரியாதை என்று நினைத்துக்கொண்டு, ஒரு குடும்பத்தையே வந்தவர்களா வராதவர்களா என்று தெரியாமல் உட்கார வைத்திருக்கிறேன். ஊரில் யார் வேண்டுமானாலும் இந்தத் தப்பைச் செய்யலாம். பேர் வாசித்துச் சம்பாதிக்கிற நான் செய்யலாமா?

இன்னும் நிகழ்ச்சி முடியவில்லை, ஒரே ஒரு தடவை மேலே வாருங்கள் என்றேன். கெஞ்சினேன் என்று சொல்வதுதான் சரி. அஞ்சலை அத்தை படியை அண்ணாந்து பார்த்து முட்டியைத் தடவிக்கொண்டார். பெரியப்பா அங்கிளைப் பார்த்தார், அங்கிள் ஆன்டியைப் பார்த்தார். ஆன்டி முந்தானையைச் சொருகிக்கொண்டு முதல் ஆளாகப் படியேறினார். பின்னால் எல்லாரும். மேலே டேவிட் பாதிப் பேச்சில் இருந்தான். நான் அவன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். என் மூஞ்சியைப் பார்த்ததும் அவன் ஒதுங்கிக்கொண்டான்.

டின்னர் குரலை எடுத்தேன். "நமது அழைப்பை ஏற்று, காப்பாரிலிருந்து தனி வேனில் வருகை புரிந்திருக்கும், நண்டுப் பிரட்டல் திலகம், திருமதி சரஸ்வதி அம்மையார் அவர்களே" என்று ஆரம்பித்தேன். ஆன்டி எழுந்து நின்று கும்பிட்டார். உண்மையாகவே கும்பிட்டார். மேல்மாடி முழுவதும் கை தட்டியது. அடுத்து, என் நிகழ்ச்சியை என்னைவிட நன்றாகப் படம் பிடித்த ராமசாமி பெரியப்பா. அடுத்து, இந்தப் படியை இரண்டாவது தடவை ஏறியதற்காகவே பொன்னாடை போர்த்த வேண்டிய அஞ்சலை அத்தை. பேர் தெரியாத பிள்ளைகளை மேடையிலிருந்தே கேட்டுக் கேட்டுச் சொன்னேன். ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். ஷாமினி முறைத்துக்கொண்டே எழுந்தாள், ஆனால் எழுந்தாள்.

பிறகு புகைபோக்கி. வாக்கை மீறினேன், முழுக்க மீறினேன். வலது பக்கத்தை இடது பக்கம் வர வைத்தது, செம்பனைத் தோட்டம், பின் சீட்டில் அம்மாவின் சாமி, கைலி, மோட்டார் சைக்கிள், ஒன்றையும் விடவில்லை. பாதியில் அங்கிள் பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டார். நான் சொன்னது அப்படி இல்லை என்றார். சாப்பாட்டு மேசையை மின் நிலையமாக்கி, தண்ணீர் போத்தலைப் புகைபோக்கியாக நிறுத்தி, வழியை எல்லாருக்கும் விளக்க ஆரம்பித்தார். இலை எடுக்க வந்த பங்களாதேஷ் தம்பியையும் விடவில்லை, அவனையும் ஒரு சந்தியாக நிற்க வைத்தார். போத்தல் இடது பக்கம் வரவே மாட்டேன் என்றது. அவர் அதைத் தூக்கி இடது பக்கம் வைத்தார்.

ஆன்டிக்கு அங்கேதான் சிரிப்பை அடக்க முடியாமல் போனது. வாயைப் பொத்தினார், தோள் குலுங்கியது, பொத்திய கையையும் மீறி வெடித்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து இந்தப் புகைபோக்கியோடுதான் மாரடிக்கிறேன் என்று பக்கத்து மேசைக்காரியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. பெரியப்பா போன் கையில் ஆடிக்கொண்டே இருந்தது, அந்த வீடியோவில் இன்றுவரை கூரைதான் தெரிகிறது. அத்தை முட்டியைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

அப்பாடா. அந்த ஒரு சொல்லைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. நான் மேடையில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. டேவிட்தான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். ஷாமினி கூட்டத்திலிருந்து, பல்லெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சத்தமாகச் சொன்னாள்.

இறங்கி வந்தேன். ஆன்டி என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, தாமானில் காட்ட வேண்டும் என்று பெரியப்பாவிடம் வீடியோவைக் கேட்கப் போய்விட்டார். அங்கிள் மட்டும் போத்தலைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். எனக்கு மறுபடியும் பகீர் என்றது. கைலியைச் சொன்னது அதிகமோ? மோட்டார் சைக்கிளோ? என்ன அங்கிள் என்று கேட்டேன். அவர் என் தோளில் கையைப் போட்டார்.

"எல்லாரு பேரையும் வாசிச்சீங்க. சுப்பிரமணியம்னு என் பேர மட்டும் விட்டுட்டீங்க. கல்யாண டின்னர்ல பேரு வாசிக்க வேற ஆள வைங்க, மாப்ள."

யாரையாவது கிண்டல் செய்துவிட்டேனோ என்று பயந்துகொண்டு இந்தத் தொழிலுக்கு வந்த நான், இப்போது காப்பார்ப் பக்கம் யாரைக் கிண்டல் செய்யாமல் விட்டேனோ என்றுதான் பயந்துகொண்டிருக்கிறேன்.